பட்டினியில் வெளுக்கும் பூ

கடையில் வாங்கும்போது பனியாய் வெளுத்திருந்த எடல்வைஸ், மறு வருடம் பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பூக்கிறது. தண்டும் நீண்டு சாய்ந்துவிடுகிறது. பார்ப்பவர், பாவம், சத்து போதவில்லை போலும் என்று இன்னொரு பிடி உரம் போடுகிறார். செடியைக் கெடுப்பதே அந்தப் பிடி உரம்தான்.

ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலும் புல் சரிவுகளிலும் வளரும் செடி இது. ஒரு சாண் உயரம் இருந்தாலே பெரிது. ஜெர்மன் மொழியில் ‘எடல்’ என்றால் மேன்மை, ‘வைஸ்’ என்றால் வெண்மை. நம் செவ்வந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் அடையாளமாகப் பேர் வாங்கிவிட்டாலும், இதன் உறவினங்களில் பெரும்பாலானவை இமயமலையிலும் சீனத்து மலைகளிலுமே இருக்கின்றன.

பூவைக் கிட்டத்தில் பாருங்கள். நட்சத்திரமாய் விரிந்திருக்கும் வெள்ளை ‘இதழ்கள்’ உண்மையில் இலைகள். நடுவில் மஞ்சள் பொத்தான்களாய் நெருங்கி நிற்பவற்றில்தான் பூக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் பல சிறு பூக்கள். ஈக்களும் பூச்சிகளும் தேடி வருவது அவற்றைத்தான். வெள்ளை இலைகள் அந்த விருந்துக்குக் கட்டிய பந்தல்.

அந்த இலைகளை விரலால் வருடினால் கம்பளியைத் தொட்டதுபோல் இருக்கும். மேலே அடர்ந்திருக்கும் ரோமம்தான் வெண்மைக்குக் காரணம். 2005-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்த ரோமத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றும் உள்ளே பொள்ளலான குழல். அதன் மேற்பரப்பில் சுமார் 0.18 மைக்ரோமீட்டர் பருமனுள்ள இழைகள் வரிசையாக ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் இந்தப் போர்வை, புற ஊதாக் கதிரை மட்டும் தன்னிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. உச்சி மலையில் அந்தக் கதிர் கடுமையானது. இலையின் உயிர்த்திசுவை அது எட்டாமல் ரோமம் காக்கிறது. காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகாமலும் தடுக்கிறது.

கொழுத்த மண்ணில், நிழலில், இந்தக் கம்பளி மெலிந்துவிடுகிறது. இலை மளமளவென்று பெருக்கிறது, ரோமத்தின் நெருக்கம் குறைகிறது, அடியிலிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. வெண்மை வேண்டுமென்றால் செடியைக் கொஞ்சம் பட்டினி போட வேண்டும். நல்ல வெயிலில் நிறுத்த வேண்டும்.

விதை தூசு மாதிரி இருக்கும். குளிர்காலக் கடைசியில் உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டு, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். மேலிருந்து ஊற்றினால் விதை மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். தூவிய தொட்டி சில வாரம் வெளியே குளிரில் கிடந்தால் முளைப்பு சீராக இருக்கும். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுதான் பூக்கும்.

நடும் மண்ணில் பாதியாவது பருமணலும் சரளையும் இருக்கட்டும். புளிப்பு மண்ணானால் சுண்ணாம்புக்கல் நொறுக்கிச் சேர்க்கலாம். செடியின் கழுத்தைச் சுற்றிச் சரளை பரப்பிவிட்டால் தண்ணீர் அங்கே தேங்காது.

குளிர் இதைக் கொல்லாது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். மலையில் குளிர்காலம் முழுக்கப் பனி இதன்மேல் போர்வையாகக் கிடக்கிறது. அடியில் செடி உலர்ந்த நிலையில் உறங்குகிறது. தாழ்நிலத் தோட்டத்தில் அந்தப் போர்வை இல்லை. விடாமல் பெய்யும் குளிர்கால மழையில் வேர் அழுகிச் சாகிறது. அதனால் இறவாரத்தின் கீழே நகர்த்துங்கள், இல்லையென்றால் மேலே ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்து வையுங்கள். ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கும் வாசகர்கள் பால்கனித் தொட்டியிலேயே வளர்க்கலாம். நம் சமவெளியின் புழுக்கத்தில் முயல வேண்டாம், செடிக்கு அது வதை.

காட்டுப் பூவை மட்டும் பறிக்காதீர்கள். காதலிக்குக் கொடுக்கச் செங்குத்துப் பாறையேறிப் பறித்துவரும் வழக்கமும், பயணிகள் நினைவுக்காகப் பிடுங்கியதும் சேர்ந்து இதை அருகிப்போக வைத்தன. சுவிட்சர்லாந்தின் ஒப்வால்டன் மாநிலம் 1878-லேயே இதைக் காக்கச் சட்டம் போட்டது. தோட்டத்துச் செடி தாராளமாகவே தரும்: இரண்டு மூன்று வருடத்தில் தூர் பெருத்துவிடும், வசந்த காலத்தில் அதைப் பெயர்த்துப் பிரித்து நட்டால் ஒரு செடி நாலாகிவிடும்.