புதிய பள்ளியும் நம் குழந்தைகளும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களிற் குடியேறிய தமிழர் தம்முடன் கொண்டு சென்ற செல்வங்களுள் தலையாயது மொழி. குழந்தை பள்ளியிற் சேரும் நாளில் அச்செல்வமே சுமையாகி விடுமோ என்னும் ஐயம் பெற்றோர் பலருக்கு எழுகின்றது. பெங்களூரின் பெரிய ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இல்லத்திலே தமிழ், தெருவிலே கன்னடம், பள்ளியிலே கன்னடமோ ஆங்கிலமோ. இத்தகைய குழந்தைக்கு இன்றைய பள்ளி எவ்வாறு கற்பிக்கின்றது, கற்றதை எவ்வாறு அளக்கின்றது, அந்த அளவையை நாம் எவ்வளவு நம்பலாம் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

பழைய முறை யாவரும் அறிந்ததே. ஆசிரியர் ஒருவர், பாடம் ஒன்று, வகுப்பு முழுமைக்கும் நடை ஒன்று. விரைந்து கற்பவன் காத்திருப்பான். மெல்லக் கற்பவன் பின்தங்குவான். ஆண்டிறுதிப் பரீட்சை வந்து, தேறினான், தவறினான் என்று தீர்ப்பளிக்கும். எந்த இடத்தில், எதனால் தவறினான் என்பதை மட்டும் அது சொல்லாது.

இக்குறையைக் களைய எழுந்த முயற்சிகளுள் கர்நாடகத்தின் 'நலி-கலி' குறிப்பிடத்தக்கது. தமிழ்க் காதுக்கு இப்பெயர் திகைப்பூட்டும். நலிவும் கலியும் நமக்குத் துன்பச் சொற்கள் அல்லவா? கன்னடத்திலோ 'நலி' என்றால் மகிழ்ந்து ஆடு. 'கலி' என்றால் கற்றுக்கொள். ஒரே ஒலி இரு மொழிகளில் இரு பொருள் தருவதை நாம் அறிந்து புன்னகை செய்கின்றோம். ஆறு வயதுக் குழந்தை இதே திகைப்பை நாள்தோறும் வகுப்பறையில் அடைகின்றது. அதற்கு விளக்கம் சொல்வார் எப்போதும் இருப்பதில்லை.

ஆந்திரத்தில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளிற் கையாளப்பட்ட முறையைக் கண்டறிந்து வந்த ஆசிரியர்கள், 1995-இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் யூனிசெப் நிறுவனத்தின் துணையுடன் நலி-கலியைத் தொடங்கினர். 2009-10ஆம் கல்வியாண்டில் அது மாநிலத்தின் கன்னடவழி அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும் அதே ரிஷிவேலியின் வழிவந்ததே. ஆகவே கன்னடப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் இவ்வகையில் உடன்பிறப்புகள் எனலாம்.

இம்முறையின் அமைப்பு எளியது. பாடம் முழுவதும் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு ஓர் ஏணியாகச் சுவரில் தொங்கும். ஒவ்வொரு படிக்கும் படம் பொறித்த அட்டை ஒன்று உண்டு. குழந்தை தான் நிற்கும் படியை அறிந்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் அமர்கின்றது. ஒரு குழுவிற்கு ஆசிரியரே கற்பிப்பார். மற்றொன்றிற் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாவர். வேறொன்றிற் குழந்தை தானே பயிலும். சுவரின் கீழ்ப்பகுதியிற் கரும்பலகை, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். தலைக்கு மேலே கட்டிய 'சப்பர'த்தில் அவர்கள் வரைந்தவையும் செய்தவையும் தொங்கும். நோயுற்றுப் பத்து நாள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே மீண்டும் ஏறலாம்.

இங்கே மதிப்பீடு என்பது தனியே ஒரு நாள் வந்து அச்சுறுத்தும் விருந்தாளி அன்று. ஏணியிலேயே அதுவும் ஒரு படி. கற்றது உறுதியானால் மேலே ஏறலாம். இல்லையேல் துணைப் பயிற்சி பெற்றுப் பின்னர் ஏறலாம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வற்புறுத்துகின்றது. குழந்தை அச்சமின்றிக் கற்க வேண்டும் என்கின்றது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றும் கூறுகின்றது.

ஆயினும், எவ்வளவு செம்மையான ஏணியாயினும் அதன் படிகள் மொழியால் ஆனவை. ஐம்பது ரூபாயைக் கொண்டுபோய் முப்பத்தேழு ரூபாய்க்குக் காய்கறி வாங்கி, மீதி பதின்மூன்றைச் சரியாக எண்ணி வரும் சிறுமி, அதே கணக்கு அறியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால் விழிக்கின்றாள். விடைத்தாள் அவளுக்குக் கணக்கு வராது என்கின்றது. உண்மையில் வராதது கணக்கன்று, வினாவின் மொழியே. அளவுகோல் ஒன்றை அளப்பதாகச் சொல்லி வேறொன்றை அளந்துவிட்டது.

எழுத்திலும் இவ்வாறே. தமிழிற் ககரம் ஒன்று. கன்னடத்தில் அவ்விடத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழ் வழியே எழுத்தறிந்த குழந்தை அவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றை எழுதினால் அது மந்தபுத்தியன்று. தாய்மொழியின் நெறியைப் புதுமொழியிலும் பின்பற்றியதன் விளைவேயாம். சிவப்பு மையாற் சுழிப்பதோடு நிற்கும் ஆசிரியர் பிழையை மட்டும் காண்கின்றார். அதன் காரணத்தை உணரும் ஆசிரியரோ அடுத்த நாள் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைக் காண்கின்றார். நல்ல மதிப்பீட்டின் இலக்கணம் இதுவே.

'எங்கள் பிள்ளை தெருவிற் கன்னடம் சரளமாகப் பேசுகிறானே, பரீட்சையில் மட்டும் ஏன் தடுமாறுகிறான்?' என்று வினவும் பெற்றோர் உளர். கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் இதற்கு விடை கூறியுள்ளார். புதுமொழியில் உரையாடும் திறன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். அம்மொழியிற் பாடங்களைப் படித்துச் சிந்தித்து எழுதும் திறனுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம் என்பது அவர் ஆய்வின் முடிவு. தாய்மொழியிற் பெற்ற அறிவு இரண்டாம் மொழிக்கும் அடித்தளமாகும் என்றும் அவர் விளக்கினார். ஆகவே, பள்ளிமொழி விரைவில் வர வேண்டும் என்று கருதி வீட்டிலே தமிழை நிறுத்துவது, மேல்மாடி கட்டுவதற்காக அடித்தளத்தைப் பெயர்ப்பதை ஒக்கும்.

சட்டம் தரும் துணையையும் அறிதல் நலம். 1956-இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கின்றது. கர்நாடகம் தொடர்ந்த வழக்கில் 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளிற் பயிற்றுமொழியை அரசு வலிந்து திணித்தல் ஆகாது என்றது. தாய்மொழி எது என்று தெரிவிக்கும் உரிமை பெற்றோருடையது என்றும் கூறியது. கர்நாடகத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல்மொழியாக ஏற்கப்பெற்ற மொழிகளுள் தமிழும் ஒன்று. இவ்வசதி அருகிலுள்ள பள்ளியில் உண்டா என்பதைக் குழந்தையைச் சேர்க்கும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

அதே வேளையிற் கன்னடத்தைப் புறக்கணித்தலும் தகாது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளிற் கன்னடத்தை முதல்மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்க வகை செய்தது. வாழும் மண்ணின் மொழியை நன்கு கற்றல் கடமை. அது நம் பிள்ளைகளின் பிழைப்புக்கும் நட்புக்கும் வழியாகும்.

பெற்றோர் ஆற்றக்கூடியவை சில உண்டு. ஆசிரியரைக் காணும்போது 'எத்தனை மதிப்பெண்?' என்பதோடு நில்லாமல், 'எந்தப் படியில் நிற்கிறான்? தடை பாடத்திலா, மொழியிலா?' என்று கேட்கலாம். அன்றைய பாடத்தைத் தமிழிற் சொல்லச் செய்து கேட்கலாம். தமிழிற் சொல்ல முடிந்தால் கருத்து புகுந்துவிட்டது. இனி வேண்டுவது மொழிப் பயிற்சியே. சொல்ல முடியாவிடிற் பாடத்தையே மீண்டும் விளக்க வேண்டும். பெற்றோர் எழுத்தறியாதவராயினும் இச்சோதனையைச் செய்யலாம். கேட்கும் பொறுமை ஒன்றே போதும்.

மதிப்பெண் குறைந்த பிள்ளையைத் தன்னால் இயலாது என்று நம்பவைத்துவிட்டால், அதன்பின் எந்த முறையும் அவனை மீட்டல் அரிது. அவன் அறியாதது எது, அறிந்தும் சொல்ல இயலாதது எது என்று பிரித்துக் காண்பதே பள்ளிக்கும் இல்லத்துக்கும் பொதுவான முதற் பணி.