ஸ்தல ஸ்தாபனங்களின் தஸ்தாவேஜுகள்

நகராட்சி, பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்கள் தம்மிடம் சேரும் தஸ்தாவேஜுகளை எத்துணைக் காலம் காத்துவைத்தல் வேண்டும் என்னும் வினா, குமாஸ்தாக்களுக்கே உரியதென்று பலர் எண்ணுவர். ஆயினும் ஒருவர் பிறந்த நாளும், வீடு கட்டப் பெற்ற அநுமதியும், செலுத்திய வரியும் அவ்வேடுகளிலேயே அதிகாரத்தோடு எழுதப்பெற்றிருக்கின்றன.

இக்கவலை நம் நாட்டிற்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்ச் சாசனங்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என்பது அவற்றுள் ஒரு விதி. விதி கல்லில் நின்றது. ஓலையில் எழுதிய கணக்கோ மறைந்தது. எதனைக் கல்லில் வெட்டுவது, எதனை ஓலையோடு விடுவது என்று அச்சபையார் ஆராய்ந்திருத்தல் வேண்டும்.

இக்காலத்திலும் அத்தகைய பிரிவு உண்டு. தமிழ்நாட்டு அரசாங்கக் கடிதங்களின் தலைப்பில் ‘மூ.மு.’, ‘ப.மு.’ என்னும் எழுத்துக்களைக் கண்டவர் பலர். அவற்றின் பொருளை உசாவியவர் சிலரே. விஷயம் முடிவுற்றபின் கோப்பினை மூன்றாண்டு வைப்பதா, பத்தாண்டு வைப்பதா என்பதனையே அவை குறிக்கின்றன. ஓராண்டிற் கழிப்பனவும், நிரந்தரமாக வைப்பனவும் வேறே உள.

முறை நன்று. கால அளவை எதனைக் கொண்டு வரையறுப்பது என்பதிலேதான் சிக்கல். அலமாரியின் இடத்தைக் கொண்டு வரையறுப்போர் உளர். ஓர் ஏட்டினால் நிலைபெறும் உரிமை எதுகாறும் வழக்கிற்கு உட்படுமோ, அதுகாறுமேனும் அவ்வேடு இருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, நிலத்தின் சுவாதீனம் கோரி ஒருவர் 12 ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். பொதுத் தெருவைப் பிறர் கவர்ந்துகொண்டால் அதனை மீட்க ஸ்தல ஸ்தாபனத்திற்கோ 30 ஆண்டு உண்டு. அத்தெருவைப் பற்றிய கோப்பினைப் பத்தாம் ஆண்டில் எரித்துவிட்ட நகராட்சியின் நிலை யாது? எஞ்சிய இருபதாண்டும் அதற்கு வழக்கிடும் உரிமை இருக்கும். காட்டுதற்குச் சான்று இராது. தெருவை இழப்பவர் அதில் நடக்கும் ஜனங்களே.

ஜனன மரணப் பதிவேடுகளுக்கு எல்லையே இல்லை. அவற்றை மனித ஆயுளால் அளத்தலும் பொருந்தாது. தந்தை இறந்த பதிவைக் காட்டியன்றோ மக்கள் வாரிசுரிமை கோருகின்றனர்! சபையின் தீர்மானப் புத்தகங்களும் அவ்வகையினவே.

இனி, எல்லாவற்றையும் குவித்துவைத்தலும் தீங்கே. மையும் காகிதமும் வாங்கிய ரசீது, கூட்டத்திற்கு நாற்காலி வாடகைக்கு அமர்த்திய கடிதம் முதலியன தணிக்கை முடிந்தபின் எவருக்கும் பயன்படா. அவற்றின் அடியில் அகப்பட்டே நல்ல ஏடுகள் செல்லுக்கு இரையாகின்றன. கழித்தலும் காத்தலின் ஒரு பகுதியென்க.

ஆயின் கழிக்குமுன், எந்த இலக்கமுடைய கோப்பு, எவர் உத்தரவால், எந்நாளில் அழிக்கப்பெறுகிறது என்று ஒரு ஜாபிதா எழுதுதல் இன்றியமையாதது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு குடிமகன் பழைய கோப்பினைக் கேட்கின்றான் எனக் கொள்வோம். ‘காணப்படவில்லை’ என்னும் விடைக்கும், ‘இன்ன நாளில் விதிப்படி கழிக்கப்பெற்றது’ என்னும் விடைக்கும் உள்ள வேற்றுமையை அந்த ஜாபிதாவே காட்டவல்லது. அதனை நிரந்தர ஏடுகளோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.