ஒரு களைப்புக்குள் இத்தனை கூத்தா? உங்களுக்குத் தெரியுமா?

நுளம்புக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்ம கொழும்பு கிராண்ட்பாஸ். டெங்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் மாதங்கள் போயும் மாடிப்படி ஏற முடியவில்லை, நித்திரை கொண்டு எழும்பினாலும் அடித்துப்போட்ட மாதிரி அலுப்பு! இது சோம்பலா? இல்லவே இல்லை. உடம்புக்குள் நடப்பதைக் கேளுங்கள்!

காய்ச்சல் போனாலும் களைப்பு போகாது, தெரியுமா?
2017இல் மட்டும் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு எனப் பதிவானது! கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நோயாளரைப் பின்தொடர்ந்த 'கொழும்பு டெங்கு ஆய்வு', வேறு காய்ச்சல் வந்தவர்களை விட டெங்கு வந்தவர்களிடம் பிந்திய களைப்பு அதிகம் என்று கண்டது. பெரும்பாலும் இது மெல்ல மெல்லத் தேறிவிடும். ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலையை முடக்கி, தேறாத நித்திரை, மறதி, தலைச்சுற்று என்று கூட்டணி சேர்த்தால் அது நாட்பட்ட களைப்பு நோய்க்குறியாக இருக்கலாம்.

எழும்பி நின்றாலே உடம்புக்குள் வெள்ளம், தெரியுமா?
படுத்திருந்தவர் எழும்பி நின்றதும் அரை லீற்றருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது! நரம்புகள் உடனே கட்டளையிட, இரத்தக் குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ளும். நாட்பட்ட களைப்பு நோயாளிகள் பலரிடம் அந்த ஏற்பாடு பிசகுகிறது. அப்போது இதயம் பதறி ஓடும். நின்று 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி, அப்படியே நீடித்தால் அதற்குத் தனிப் பெயரே உண்டு: பொட்ஸ் (POTS)! வெக்கையில் குழாய்கள் இன்னும் விரியும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரிசையில் நிற்கும்போது கண் இருட்டுவது ஏனென்று இப்போது விளங்குகிறதா?

பிரஷர் சரி, ஆனால் மூளைக்கு இரத்தம் காணாது, தெரியுமா?
நெதர்லாந்தில் 429 நோயாளிகளைச் சாய்வு மேசையில் நிமிர்த்தி வைத்து அளந்தார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. சுகதேகிகளுக்கு மூளைக்குப் போகும் இரத்தம் 7 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுக்கோ 26 சதவீதம்! நாடியும் பிரஷரும் சாதாரணமாக இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கும் இதே கதை. 'ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்' என்று கேட்டுக் கேட்டு அழுதவர்களுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்!

தலைக்குள் ஒரு மணிக்கூடு, அதிலும் குழப்பம், தெரியுமா?
மூளைக்குள் ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம்தான் நம் இரவு பகலை நடத்துகிறது. உடல் வெப்பம் விடியுமுன் அடிமட்டத்துக்கு இறங்குவதும், இருட்டியதும் மெலட்டோனின் சுரப்பதும் அதன் தாளத்தில்தான். 1996இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வொன்றில் நோயாளிகளின் வெப்பத் தாளமும் மெலட்டோனின் தாளமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போயிருந்தன. மத்தளம் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம்!

'இரத்தம் குறைவு' மட்டும் காரணமில்லை, தெரியுமா?
கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. நூற்றுக்கு 12 பேருக்கு ஆறு மாதத்துக்கும் மேற்பட்ட களைப்பு! ஆனால் ஹீமோகுளோபின் குறைவுக்கும் அந்தக் களைப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. வறுமையும் மனவேதனையும் வீட்டு வன்முறையும்தான் தொடர்பு காட்டின. இரும்புச்சத்துக் குளிசையோடு கதை முடிவதில்லை!

இன்று ஓடினால் நாளை மறுநாள் விழ வேண்டும், தெரியுமா?
நாட்பட்ட களைப்பு நோய்க்குறியின் முத்திரை இதுதான். சந்தைக்குப் போய்வந்த அலுப்பு அன்றைக்கே வராமல் ஓரிரு நாள் கழித்து வந்து கட்டிலில் கிடத்தும். அதனால்தான் பிரிட்டனின் 'நைஸ்' சுகாதார அமைப்பு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை 2021 வழிகாட்டியில் கைவிட்டது. 'எழும்பி நாலு அடி நட, எல்லாம் சரியாகும்' என்ற அறிவுரை இங்கே வினையாகலாம்!

வீட்டிலேயே ஒரு துப்புக் கிடைக்கும், தெரியுமா?
எழும்பி நிற்கும்போது நாடி எகிறுகிறதா என்று பார்க்க, முதலில் 10 நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பிறகு சுவரில் தோள் சாய்த்து 10 நிமிடம் நின்று, நிமிடத்துக்கொரு முறை எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் ஓராள் கட்டாயம் இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள். அந்தத் தாளோடு வைத்தியரிடம் போங்கள். தைரொயிட், சீனி, இரத்தச்சோகை எல்லாவற்றையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். உப்பும் தண்ணீரும் கூட்டினால் சிலருக்கு நிற்பது இலகுவாகும். ஆனால் பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்து, வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள்!

வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் களைத்துக் கிடந்தால் இனி அவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். உட்கார ஒரு கதிரையைக் கொடுங்கள், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்!