ஜிம்மிக்குத் தண்ணி காட்டுங்க!

கத்திரி வெயில் காலத்தில் பால்கனியில் நாயைக் கட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டு, எட்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிரம்மச்சாரிகள் நம்மூரில் ஏராளம். பத்து மணிக்கு ஜிம்மி கிண்ணத்தைத் தட்டிவிடும். பன்னிரண்டு மணிக்குத் தரையில் தோசை வார்க்கலாம். ஐயா வீடு திரும்புவதோ ராத்திரி ஏழு மணிக்கு!

நமக்காவது உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. சூட்டைத் தணிக்க அதற்குத் தெரிந்த பெரிய வழி, நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான். ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் ஆவியாகப் போகும். பி.காம். பாஷையில் சொன்னால், வரவு நின்றுபோய் கையிருப்பைக் கரைக்கிற கம்பெனி! 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் வந்து ஊரையே மயக்கியதே, அந்த பக் ஜாதி... சப்பை மூக்கு என்பதால் அதற்கு ஒழுங்காக இரைக்கக்கூட வராது. பாவம்.

பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். வெயிலில் இன்னும் அதிகம்.

வெயிலைவிடப் பெரிய வில்லன் வாந்தி பேதி. நண்பர் ஒருவரின் மூன்று மாதக் குட்டிக்கு ராத்திரி முழுக்க வாந்தி, காலையில் ரத்தத்தோடு பேதி. "கண்டதைத் தின்னிருக்கும்ப்பா, தயிர் சாதம் போடு, சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. நண்பர் கேட்கவில்லை. ஆபீஸுக்கு போன் போட்டு லீவு சொன்னார். "நாய்க்கு வயித்தாலேன்னு கேஷுவல் லீவா?" என்று மேனேஜர் சிரித்தாராம். சிரிக்கட்டுமே!

டாக்டர் குட்டியின் தோள்பட்டைத் தோலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சட்டென்று பழையபடி படிய வேண்டிய தோல், கூடாரம் போட்ட மாதிரி அப்படியே நின்றது. பார்வோ வைரஸ். தடுப்பூசி முழுசாகப் போட்டு முடிக்காத குட்டிகளைத் தேடிப் பிடிக்கிற எமன். அதைக் கொல்ல மருந்து கிடையாது. இழந்த நீரை நரம்பு வழியாக ஏற்றி, உடம்பே போராடி ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான். நாலு நாள் டிரிப்ஸ். ஐந்தாம் நாள் குட்டி தானாக எழுந்து தண்ணீர் குடித்தது. அன்றைக்கு நண்பர் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்!

தோல் சோதனையை நீங்களும் செய்யலாம். ஆனால், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் போன பிறகுதான் தோல் காட்டிக்கொடுக்கும். கிழட்டு நாய்க்குத் தோல் எப்போதுமே தொளதொள. குண்டு நாயிடம் ஒன்றுமே தெரியாது. ஈறு நம்பகமான சாட்சி. தொட்டால் வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் ஆபத்து. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும்.

வெறும் வெயில் களைப்பு என்றால் நிழலில் படுக்கவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வாந்தி நிற்கவில்லையா, எழுந்து நிற்க முடியவில்லையா, கைவைத்தியம் வேண்டாம். நேரே கால்நடை ஆஸ்பத்திரிதான்.

நாளைக்குக் கிளம்பும்போது பால்கனியை விட்டு அறைக்குள் விடுங்கள், ஃபேனைப் போட்டு. தட்டினால் கவிழாத மண்சட்டி இரண்டு, இரண்டு மூலையில். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து மத்தியானம் ஒரு தடவை எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். தயிர் சாதம் விஷயத்தில் மட்டும் மாமாவை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்!