பாசி மேயும் குட்டி மீன்கள்

குழந்தைகளே, உங்களில் பலர் வீட்டில் கலர் மீன் வளர்ப்பீர்கள். தொட்டி வாங்கிய முதல் வாரம் கண்ணாடி பளபளவென்று இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பச்சைப் படலம், கூழாங்கல்லைத் தொட்டால் வழவழ. "பாசி பிடிச்சிருச்சு, மீன் செத்துப்போகும்" என்று பாட்டி சொல்வார். பயப்பட வேண்டாம். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசி மீனுக்குக் கெடுதல் செய்வதில்லை. பகலில் தண்ணீருக்கு ஆக்சிஜன்கூடத் தருகிறது. பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

பாசி வளர வெளிச்சமும் உரமும் போதும். ஜன்னல் வெயில் வெளிச்சத்தைக் கொடுக்கிறது. மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் உரமாகின்றன. வயலில் உரம் போட்டால் பயிர் தழைப்பது போலத்தான்.

"அதுக்குத்தான் பாசி தின்கிற மீன் இருக்கே சார்!" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் எந்த மீனை வாங்குகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் மோலி. எல்லா வண்ண மீன் கடையிலும் கிடைக்கும். முட்டையிடாமல் குட்டி போடும் மீன் இது. நாள் முழுக்கக் கல்லையும் செடியையும் கொத்திக்கொண்டே இருக்கும். புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது ஓட்டோசின்க்ளஸ். பெயர்தான் நீளம், மீன் உங்கள் சுண்டுவிரல் அளவுகூட வராது, நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர்தான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த குட்டிக் கெளுத்தி. வாய் அடிப்பக்கம் இருக்கும். அதைக் கண்ணாடியில் பதித்து, மாடு புல் மேய்வது போல வரிசையாகப் பாசியைச் சுரண்டித் தின்னும். தனியாக விட்டால் மிரளும், ஐந்தாறு சேர்த்து விட வேண்டும். புதுத் தொட்டியில் பாசியே இருக்காது. அதில் விட்டால் பட்டினியால் செத்துவிடும். தொட்டி பழகிய பிறகே வாங்குங்கள்.

இங்கே ஒரு கேள்வி. மீன் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாக வெளியே விடும். அதுதான் அதன் மூச்சு. வாயைக் கல்லில் ஒட்ட வைத்துக்கொண்டால் எப்படி மூச்சு விடும்? 'சைனீஸ் ஆல்கே ஈட்டர்' என்று ஒரு மீன் விற்கிறார்கள். (பெயரில்தான் சீனா. அதன் சொந்த ஊர் தாய்லாந்து பக்கம்!) அதற்குச் செவுளின் மேற்புறத்தில் இன்னொரு திறப்பு உண்டு. தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும், வாய் பாட்டுக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். கெட்டிக்கார மீன்தான். ஆனால் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து மற்ற மீன்களைத் துரத்தும். சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

நம் நாட்டு மலை ஓடைகளிலும் இப்படி உண்டு. 'காரா' என்ற சிறு மீன்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் பாறையைப் பற்றிக்கொண்டு பாசி மேயும். ஓடையில் காலை வைத்தால் குறுகுறுவென்று கடிக்கும் மீன்களில் இவையும் உண்டு.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம். சென்னை கொளத்தூர் கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, நம் ஊர்ப்பக்கக் கடைக்குப் போனாலும் சரி, 'டேங்க் கிளீனர்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். 'சக்கர்' என்றும் சொல்வார்கள். கறுப்பாக, உடம்பெல்லாம் புள்ளியும் கோடுமாக, இரண்டு அங்குல நீளத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். விலையும் குறைவு. ஆனால் அது ஒன்றரை அடி வரை வளரும் மீன்! வளர வளர பாசியைவிட நீங்கள் போடும் தீனியைத்தான் தேடும். கழிவும் அதிகம். அந்தக் கழிவு பாசிக்கு உரம். சுத்தம் செய்ய வந்தவரே குப்பை போட்ட கதை!

தொட்டி போதாமல் போனதும் பலர் செய்வது என்ன? "பாவம், உயிரோடு பிழைக்கட்டும்" என்று ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். அது நன்றாகவே பிழைக்கும். உடம்பில் எலும்புத் தகடுகள் கவசம் போல இருப்பதால் மற்ற மீன்களால் எளிதில் தின்ன முடியாது. தண்ணீர் கெட்டுப்போனால் காற்றை விழுங்கி, வயிற்றின் மூலம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். முட்டையிடுவதற்காகக் கரையில் ஒரு மீட்டர் நீளம் வரை வளை தோண்டும். கரை சரியும். வலையில் சிக்கினால் அதன் முள் வலையைக் கிழிக்கும். போர்ட்டோ ரிக்கோ தீவில் இதை விழுங்கிய கூழைக்கடாக்கள் தொண்டையில் சிக்கி இறந்திருக்கின்றன.

ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகள் இதைத் தேடினார்கள். மீனைப் பிடிக்கவில்லை, தண்ணீரை மட்டும் எடுத்து, அதில் மீன் விட்டுச்சென்ற டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2024-ல் முடிவைச் சொன்னார்கள்: கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் நீர்நிலைகளில் சுமார் 60 சதவீதத்தில் இந்த மீன் புகுந்துவிட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலை எங்கோ இருப்பதாக நினைக்காதீர்கள். நம் ஜவ்வாது மலையும் அதைச் சேர்ந்ததுதான். அங்கே பிறக்கும் செய்யாறு நம் கலசப்பாக்கம் வழியாகப் போய்ப் பாலாற்றில் சேர்கிறது. இங்கே ஒருவர் விடும் மீன் மழைக்காலத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று வரைபடத்தில் பாருங்கள்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் பெரிய டேங்க் கிளீனர் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். மோலியானாலும் சரி, தொட்டி மீனைக் கிணற்றிலோ குளத்திலோ விட வேண்டாம்.

எந்த மீனை வளர்த்தாலும் உங்களுக்கும் கொஞ்சம் வேலை உண்டு. தண்ணீரே பச்சையாக மாறினால் அதை எந்தக் குட்டி மீனும் தின்று தீர்க்காது. தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் தீனி. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அதற்குக் குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைப்பது நல்லது.

பாசி தீர்ந்துபோனால் குட்டி மீனுக்கு என்ன கொடுப்பது? வெள்ளரித் துண்டு ஒன்றை லேசாக வேகவைத்து, ஆறியதும் இரவில் போடுங்கள். ஓட்டோக்கள் அதைச் சுற்றி வட்டமாக ஒட்டிக்கொள்ளும். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது அழுகி, மறுபடியும் பாசிக்கு விருந்தாகிவிடும்.