தேயும் நாடா, தேயக்கூடாத தகவல்

மாணவர்களே, உங்கள் தாத்தாவின் அலமாரியில் பழைய பாட்டுக் கேசட் இருக்கிறதா? அந்தத் தொழில்நுட்பம் மறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் தரவு மையங்களும் இன்றும் காந்த நாடாவில்தான் தகவல்களுக்குக் காப்புப் பிரதி எடுத்து வைக்கின்றன.

2011 பிப்ரவரி இறுதியில், ஜிமெயில் பயனர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்பெட்டிகள் திடீரெனக் காலியாயின. மென்பொருள் பிழை ஒன்று, வெவ்வேறு மையங்களில் இருந்த பிரதிகளையும் பாதித்துவிட்டது. கணினியுடன் இணைக்கப்படாமல் தனியே இருந்த நாடாக்களை அப்பிழை நெருங்க முடியவில்லை. அவற்றிலிருந்தே கூகுள் அஞ்சல்களை மீட்டது.

அந்த நாடாக்கள் தேய்ந்து போயிருந்தால் என்னவாகியிருக்கும்?

எல்டிஓ-9 வகைப் பேழை ஒன்று 18 டெராபைட் கொள்ளும். உள்ளே 1,035 மீட்டர் நாடா சுற்றப்பட்டுள்ளது. அதன் தடிப்பு 5.2 மைக்ரோமீட்டர், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதை முழுமையாக நிரப்ப, நாடா 280 முறை முனைக்கு முனை ஓட வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 290 கிலோமீட்டர்! பிரிக்பீல்ட்சிலிருந்து ஈப்போவுக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். அவ்வளவு தூரமும் அது எழுதும் முனையை உரசியபடியே ஓடுகிறது. தேயாமல் இருக்குமா?

இதைக் கண்காணிக்கப் பேழைக்குள் சிறு சில்லு ஒன்று உள்ளது. நாடா எத்தனை முறை ஏற்றப்பட்டது, எவ்வளவு பயன்பட்டது, என்னென்ன பிழைகள் நேர்ந்தன என்பவற்றை அது பதிந்துகொள்கிறது. மருத்துவமனையில் நோயாளிக்கு வைத்திருக்கும் அட்டையைப் போல!

‘கோலா_ம்பூர்’ என்று எழுதினால், விடுபட்ட எழுத்தை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். நாடாவிலும் தகவலோடு கூடுதல் குறியீடுகள் எழுதப்படுவதால், சிறு பிழைகளைக் கருவியே திருத்திக்கொள்ளும். ஆனால், நான்கு எழுத்துகள் விடுபட்டால்? ஆகவே, திருத்தப்படும் பிழைகள் தொடர்ந்து கூடினாலே அது எச்சரிக்கை. தகவல் இன்னும் படிக்கக் கிடைக்கும்போதே புதிய பேழைக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

அவசரப்பட்டு நாடாவின் மீது பழி போடவும் கூடாது. அதே நாடாவை வேறு கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கும் பிழை வந்தால் நாடாவே குற்றவாளி. ஒரே கருவியில் பல நாடாக்கள் தடுமாறினால், அக்கருவியின் முனையைத் துப்புரவு செய்ய வேண்டும். அல்லது பழுதுபார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை மாறாமல் வைக்கும் இம்முறை, உங்கள் அறிவியல் கூடத்தில் மாறிகளைக் கையாளும் அதே முறைதான்.

நம் நாட்டில் இன்னோர் எதிரியும் உண்டு: ஈரப்பதம். நீண்டகாலம் பாதுகாக்கும் நாடாவுக்கு 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமே ஏற்றது. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றிலோ அது சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியுள்ளது. அதனால்தான் குளிரூட்டிய, உலர்ந்த அறையில் பேழைகளை அடுக்குகிறார்கள்.

உங்கள் பென்டிரைவில் இருக்கும் பள்ளித் திட்டப்பணிக்கு இன்னொரு பிரதி இருக்கிறதா? அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. இன்றே சோதித்துப் பாருங்கள்!