இசையறிந்த அசைவு

ஒன்றுக்கொன்று சிறிதே மாறுபட்ட படங்களை நொடிக்கு 24 வீதம் தொடர்ந்து காட்டி, அவை அசைவது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் கலையே அசைவூட்டம். இதனை அனிமேஷன் என்றும் வழங்குவர். படங்களை அடுக்கினால் அசைவு பிறந்துவிடும். அவ்வசைவு உயிர்ப்புடையதாக விளங்க, எங்கு விரைவது, எங்கு தாழ்வது, எங்கு நிற்பது என்னும் அளவறிவு வேண்டும். அவ்வறிவைப் பெறுவதற்கு இசை நல்லதொரு துணையாகும்.

முதலில் தாளத்தைக் காண்போம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரங்களை உடையது. ஓர் அட்சரம் அரை நொடி நீடிப்பின் அதற்கு 12 படங்கள் தேவை. ஆவர்த்தனம் முழுமைக்கும் 96 படங்கள் தேவை. 1928இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தை உருவாக்கியபோது, வால்ட் டிஸ்னி குழுவினர் மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியைக் கொண்டு இத்தகைய கணக்கினை வகுத்துக்கொண்டனர்.

எனினும், தாளக்கணக்கு மட்டும் போதுவதன்று. ஒரே சீராக அசையும் உருவம் கடிகார ஊசலையே நினைவூட்டும். பாடகர் மூச்சை நிறைத்துத் தொடங்குகிறார். இசைத்தொடரைப் படிப்படியாக வளர்க்கிறார். கார்வை கொடுத்து நிறுத்துகிறார். அசைவுக்கும் இவ்வாறே ஆயத்தம், வளர்ச்சி, அமைதி என மூன்று நிலைகள் உண்டு. தாவ விரும்பும் உருவம் முதலில் முழங்காலை மடக்க வேண்டும். தரையில் ஊன்றியபின் சற்றே தணிந்து நிலைகொள்ள வேண்டும்.

இந்நுட்பத்தைத் தருமபுரி மாவட்டத்து ஊர்களில் நிகழும் தெருக்கூத்திலும் காணலாம். வேடமணிந்த கலைஞர், இருவர் பிடித்திருக்கும் திரையின் பின்னே நின்று பாடுகிறார். முகவீணையும் மிருதங்கமும் கைத்தாளமும் ஒலிக்கின்றன. முகம் இன்னும் தோன்றவில்லை. காண்போர் உள்ளத்தில் எதிர்பார்ப்பு வளர்கிறது. திரை விலகியதும் அவர் சுழன்றாடுகிறார். திரையின்றி நேரே வந்திருப்பின் அவ்வரவுக்கு இத்துணை ஆற்றல் இராது. ஆட்டத்திற்கு முற்பட்ட அந்தக் காத்திருப்பும் ஆட்டத்தின் பகுதியே ஆகும்.

தொடரின் அமைப்பினை அறிந்தபின் உணர்ச்சியையும் அறிதல் வேண்டும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டனைத் தொல்காப்பியம் கூறுகிறது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. வெகுளியில் உயரும் கை வெடுக்கென எழும். அச்சத்தில் உயரும் கை தயங்கித் தயங்கி எழும். செயல் ஒன்றே ஆயினும் அதன் நடை வேறாகும். ஒரே இராகத்தைத் துன்பம் தோன்றவும் மகிழ்ச்சி தோன்றவும் பாடும் திறத்தோடு இதனை ஒப்பிடலாம்.

இன்று இரு நிலைகளுக்கு இடைப்பட்ட படங்களைக் கணினியே நிரப்பித் தருகிறது. ஆயினும் ஓர் உருவம் எத்தனை படங்கள் வரை அசையாது நிற்க வேண்டும் என்பதைக் கலைஞரே முடிவு செய்தல் வேண்டும். ஆதலின், அசைவூட்டம் பயில விழையும் மாணவர் வரைபலகையோடு நின்றுவிடாமல், தம் ஊர்க் கூத்தினைக் கண்டும் பாடலைத் தாளமிட்டுக் கேட்டும் பழகுதல் நலம்.